கேஸ்கெட் ஏன் போனது என்று பார்க்காமல் புதியதை வைக்காதீர்கள்

எஞ்சின் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக உட்காரும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். அதை மாற்றும் வேலையில் கேஸ்கெட்டை மாற்றுவதுதான் ஆகச் சிறிய வேலை. பழையதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை வைக்க ஒரு நிமிடம் போதும். மீதி நேரமெல்லாம் அதை எட்டுவதற்கும், அது உட்காரும் இரண்டு முகங்களைச் சரிசெய்வதற்கும், போல்ட்டுகளை ஒழுங்காக இறுக்குவதற்கும், முந்தைய கேஸ்கெட் எதனால் போனது என்று கண்டுபிடிப்பதற்கும் போகிறது. வீட்டில் வைத்துச் செய்பவர்கள் எங்கே நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் கடைசி மூன்றில்தான். கழற்றாமல் ஹெட்டைத் தூக்க முடியாது, அதனால் கழற்றுவதில் யாரும் ஏமாற்ற முடியாது. அளக்காமல் மூடிவிட முடியும். மூடியபின் வெளியிலிருந்து பார்த்தால் அளந்து மூடியதும் அளக்காமல் மூடியதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சில மாதம் போனால்தான் வித்தியாசம் தெரியும்.

என் சித்தப்பா மகன் ஒரு பழைய மாருதி 800 வாங்கினான், கார்புரேட்டர் மாடல். "இப்பதான் ஹெட் வேலை பார்த்தது, இனி கவலையே இல்ல" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். வாங்கிக் கொஞ்ச நாளிலேயே போன் வந்தது. "அண்ணா, வண்டி தண்ணி குடிக்குதுண்ணா. காலைல ஊத்துனா சாயங்காலம் இல்ல. கீழ ஒரு சொட்டு கூட ஒழுகல." கீழே ஒழுகாமல் தண்ணீர் காணாமல் போகிறதென்றால் அது எஞ்சினுக்குள் போகிறது அல்லது ஆவியாகப் போகிறது. வண்டியைக் குரோம்பேட்டைக்கு, எங்கள் வீட்டு போர்ட்டிகோவுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

இந்த வேலையை வீட்டில் பழக மாருதி 800-ஐ விட நல்ல வண்டி நம் ஊரில் கிடையாது என்பது என் எண்ணம். 796 சிசி, மூன்று சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் ஹெட்டிலேயே இருக்கிறது, அதை ஒரு டைமிங் பெல்ட் சுற்றுகிறது. ஹெட்டை ஒரே ஆள் கையால் தூக்கி வெளியே வைக்கலாம். 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டாலும் ஜி.பி. ரோட்டில் போய்க் கேட்டால் சாமான் கிடைக்கிறது. 1983-இல் தொடங்கி முப்பது வருடம் ஓடிய வண்டி. இதன் வேலை தெரியாத மெக்கானிக்கைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இத்தனை வசதி இருந்தும் இந்த வண்டியில் ஹெட் வேலை பார்த்த கொஞ்ச நாளில் மறுபடி ஹெட்டைத் திறக்க வேண்டி வந்தது. ஏன் என்பதைத்தான் விரிவாக எழுத நினைக்கிறேன்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே பலர் ஒரு குறுக்குவழியில் போய்விடுகிறார்கள். ஆயில் மூடியைத் திறந்து, அடியில் பால் கலந்தது போல வெள்ளையாகப் பிசுபிசுப்பு இருந்தால் 'கேஸ்கெட் போச்சு' என்று முடிவு கட்டுவது. சென்னை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில், தினமும் பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில், மூடிக்கடியில் ஈரம் படிந்து ஆயிலோடு கலப்பது சாதாரணம். எஞ்சின் முழுசாகச் சூடாகி அந்த ஈரத்தை விரட்டும் முன்பே அணைத்துவிடுகிறோம், அவ்வளவுதான். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் இருக்கும் ஆயிலும் பால் நிறமாக இருந்தால் அது வேறு கதை. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். உள்ளே விடாமல் குமிழி வந்தாலோ, மூடியைப் போட்டுப் புதிதாக ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, எரிந்த வாயு தண்ணீருக்குள் நுழைகிறது என்று நம்பலாம். உறுதிசெய்ய ஒரு நீல நிறத் திரவம் விற்கிறார்கள். ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை அதன் வழியாக இழுத்தால், கார்பன் டை ஆக்ஸைடு இருந்தால் மஞ்சளாக மாறும். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் புகும் சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியில் கழுவியதுபோலப் பளிச்சென்று இருக்கும். தம்பி வண்டியில் நடு சிலிண்டர் பிளக் அப்படித்தான் இருந்தது. சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கம்ப்ரஷன் பார்த்ததிலும் அதுவே குறைவு.

இந்த இடத்தில் பலரை இழுக்கும் ஆசை ஒன்று உண்டு. ஹெட்டைத் திறக்காமலே முடித்துவிடலாம் என்று ரேடியேட்டரில் எதையாவது ஊற்றுவது. நம் ஊரில் மஞ்சள் தூள் பழைய வழக்கம். நடுவழியில் ரேடியேட்டர் கசிந்தால் ஊர் போய்ச் சேர அது உதவியிருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ரேடியேட்டரில் இருக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒரு வளிமண்டலம். கேஸ்கெட் அடைக்க வேண்டிய இடத்தில், ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்தும்போது, அது 40, 50 வளிமண்டலம் வரை போகிறது. மாருதியின் சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஒவ்வொரு வெடிப்பிலும் ஹெட்டை மேலே தள்ளும் விசை ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மஞ்சள் தூள் அங்கே நிற்காது.

கடையில் பாட்டிலில் வரும் 'பிளாக் சீலர்' பலவற்றில் இருப்பது சோடியம் சிலிகேட். சூடான விரிசலில் அது கண்ணாடிபோல இறுகும். 2009-இல் அமெரிக்க அரசு பழைய கார்களைத் திரும்பக் கொடுத்துப் புதியது வாங்குவோருக்கு மானியம் கொடுத்தது. திரும்ப வந்த கார்களின் எஞ்சின் இனி ஒருநாளும் ஓடக் கூடாது என்பதற்காக, ஆயிலை வடித்துவிட்டு அந்த இடத்தில் இதே சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓட்டச் சொன்னார்கள். சில நிமிடத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆயிலும் தண்ணீரும் கலக்கும் அளவுக்குக் கேஸ்கெட் போன எஞ்சினில் அந்த பாட்டிலை ஊற்றுவதற்கு முன் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

குறுக்குவழி எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. இந்த எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டையும் கார்புரேட்டரையும் ஹெட்டிலேயே விட்டு, சைலன்சர் குழாயை மட்டும் அடியில் பிரித்து, மொத்தமாகத் தூக்குவது நல்ல வழி. துருவேறிய எக்ஸாஸ்ட் ஸ்டட்டுகளோடு குனிந்து போராடாமல், ஹெட்டைத் திண்ணையில் வைத்து நிதானமாகக் கழற்றலாம். பானெட்டைக் கழற்றி ஓரமாக வைப்பது கூடுதல் வேலை மாதிரித் தெரியும், ஆனால் முதுகும் நேரமும் மிச்சம். ஒவ்வொரு ஹோஸையும் வயரையும் கழற்றும் முன் போனில் படம் எடுப்பதும், போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டுப் பேனாவில் எழுதுவதும் அப்படித்தான். கையின் உழைப்பைக் குறைக்கும் வழிகளை நான் தேடித் தேடிச் செய்வேன். கண்ணால் பார்க்க வேண்டியதையும் அளக்க வேண்டியதையும் தவிர்க்கும் வழிகளிடம்தான் எனக்குச் சண்டை.

தண்ணீரை வடிக்கும்போது ஒரு விஷயம். கூலன்ட் கலந்த தண்ணீர் இனிப்பாக இருக்கும், அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நாய், பூனையின் சிறுநீரகத்தை அழித்துக் கொன்றுவிடும். போர்ட்டிகோவிலிருந்து தெருவுக்கு வழியவிடாதீர்கள். வாளியில் பிடித்து மூடி வையுங்கள். எங்கள் தெருவில் நாய்கள் அதிகம், அதனால் இதில் நான் ரொம்பக் கண்டிப்பு.

தம்பி சாயங்காலம் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியதும் இப்போதே ஆரம்பிக்கலாம் என்றான். வேண்டாம், காலையில் பார்க்கலாம் என்றேன். சூடான ஹெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தினால் அலுமினியம் கோணிக்கொள்ளும். இரவு முழுக்க ஆறிய பின், ஓரத்துப் போல்ட்டுகளில் தொடங்கி நடு நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றித் தளர்த்த வேண்டும். ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது.

ஹெட் வெளியே வந்தபோது முந்தைய வேலையின் கதை முழுக்க அதில் எழுதியிருந்தது. கேஸ்கெட்டின் இரண்டு பக்கமும் சிலிகான் பசை பூசியிருந்தார்கள். அழுத்தத்தில் பிதுங்கிய பசை சிறு சிறு புழுக்களாகத் தண்ணீர் வழிகளுக்குள் தொங்கியது. ஹெட்டின் முகத்தில் உளி இழுத்த கீறல்கள், நடு சிலிண்டருக்கும் தண்ணீர்த் துளைக்கும் இடையில் ஒன்று நகத்தில் தட்டும் ஆழத்துக்கு இருந்தது. போல்ட் துளைகளில் ஆயிலும் கரியும் கலந்த சேறு. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. யார் செய்தது என்று விசாரிக்கத் தம்பிக்கு ஆசை. எனக்கு அதில் அக்கறை இல்லை. எல்லா ஊரிலும் எல்லாத் தெருவிலும் இப்படித்தான் நடக்கிறது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம், முகத்தைச் சுத்தம் செய்வதிலிருந்து. பழைய கேஸ்கெட் துணுக்குகள் அலுமினியத்தோடு வெந்து ஒட்டியிருக்கும். தோசைக்கல்லைச் சுரண்டுவதுபோல அழுத்திச் சுரண்டத்தான் கை போகும். ஆனால் அலுமினியம் மெத்தென்ற உலோகம், இரும்பு உளி ஒருமுறை சாய்ந்தால் போதும். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் விரல் அழுத்தும் இடத்தில் பள்ளம், சிலிண்டர் விளிம்பில் உருட்டல். டிரில்லில் மாட்டும் சொரசொரப்பான வட்டு இன்னும் வேகமாகச் சுத்தம் செய்யும், அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கும். அதில் இருப்பது அலுமினியம் ஆக்ஸைடு துகள். அது பறந்து ஆயில் வழிகளுக்குள்ளும் சிலிண்டருக்குள்ளும் இறங்கி, பின்னர் ஆயிலோடு சுற்றி பேரிங்குகளைத் தின்றுவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் சர்வீஸ் நிலையங்களுக்கு இந்த வட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. கேஸ்கெட் நன்றாக உட்கார்ந்திருக்கும், எஞ்சின் வேறு வழியில் போயிருக்கும், இரண்டையும் யாரும் தொடர்புபடுத்த மாட்டார்கள்.

நாங்கள் செய்தது மெதுவான வழி. தின்னர் தடவி ஊறவிடுவது, பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துத் தள்ளுவது, மறுபடி ஊறவிடுவது. பிளாக் பக்கம் தொடங்கும் முன் பிஸ்டன் விளிம்பைச் சுற்றிக் கிரீஸ் தடவி, துளைகளில் எல்லாம் துணி அடைத்தோம். குப்பை கிரீஸில் ஒட்டிக்கொள்ளும், கடைசியில் துடைத்து எடுத்துவிடலாம். ஒரு முழுக் காலைப் பொழுது இதற்கே போனது. தம்பி பாதியில், "இவ்ளோ போதும்ணா, மேல கேஸ்கெட்தானே வரப்போவுது" என்றான். முடித்த பிறகு விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பிறகு அவன் அதைச் சொல்லவில்லை.

முகம் சுத்தமானதும் அளக்க வேண்டும். நேரான விளிம்புள்ள எஃகுச் சட்டத்தை நீளவாக்கில், அகலவாக்கில், இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த அளவு எஞ்சினுக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை 0.05 மில்லிமீட்டர். தலைமுடியின் பருமனுக்கும் குறைவு. ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பார்ப்பதெல்லாம் இதற்கு ஆகாது, ஸ்கேலே அதைவிட வளைந்திருக்கும். தம்பியின் ஹெட்டில் நடுவில் 0.10 தகடு தாராளமாக நுழைந்தது.

ஹெட் ஏன் கோணுகிறது என்று தெரிந்தால் இதில் யாரும் சோம்பல்பட மாட்டார்கள். சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இந்த ஹெட் தோராயமாக ஓர் அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 30 டிகிரியில் இருப்பது ஓடும்போது 90 டிகிரிக்குப் போகிறது. அலுமினியம் 0.4 மில்லிமீட்டர் நீள்கிறது, அடியில் இருக்கும் இரும்பு 0.2. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இரண்டும் எதிரெதிராக 0.2 மில்லிமீட்டர் உரசிக்கொள்கின்றன, நடுவில் கேஸ்கெட். ஒழுங்கான சூட்டில் கேஸ்கெட் இதைத் தாங்கும், தாங்கத்தான் செய்யப்பட்டது. எஞ்சின் கொதித்துவிட்டால் ஹெட் இன்னும் விரியப் பார்க்கும், போல்ட்டுகள் விடாது, போகிற இடமில்லாமல் அலுமினியம் நடுவில் வளைந்து அப்படியே நின்றுவிடும். ஆறினாலும் திரும்பாது. அந்த வளைவின் மேல் எத்தனை புதுக் கேஸ்கெட் வைத்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

கண்ணாடிப் பலகையில் எமரி தாளை ஒட்டி, ஹெட்டைக் கவிழ்த்து எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமமாக்குபவர்கள் இருக்கிறார்கள். பொறுமையும் அடிக்கடி அளக்கும் பழக்கமும் இருந்தால், எல்லைக்கு ஒட்டிய சிறு வளைவுக்கு அது வேலை செய்யும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்களுடையது அதைத் தாண்டிவிட்டது, ஆழமான கீறல் வேறு. கிண்டிப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் முகத்தைப் பார்க்கும் முன் கேம்ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். "அடி வளைஞ்சிருந்தா மேலயும் வளைஞ்சிருக்கும் தம்பி. நான் அடிய மட்டும் நேராக்கித் தர்றேன், மேல கேம் இறுகிக்கிச்சுன்னா என்னா பண்ணுவ?" என்று கேட்டார். கேம்ஷாஃப்ட் ஹெட்டுக்குள் இருக்கும் எஞ்சின்களில் யாரும் கவனிக்காத விஷயம் இது. ஃபேஸிங் போட்டால், அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்கினால், அடி மட்டும்தான் நேராகும், கேம் ஓடும் துளைகள் வளைந்த கோட்டிலேயே இருக்கும். எங்கள் நல்ல நேரம், கேம் தடையில்லாமல் சுற்றியது.

அவரிடமே விரிசலும் பார்க்கச் சொன்னோம். தண்ணீர் வழிகளை அடைத்து, உள்ளே காற்று ஏற்றி, வெந்நீரில் முக்கினால் விரிசல் இருக்கும் இடத்தில் குமிழி வரும். வால்வு சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய பாலத்தில்தான் முதலில் விடும். ஃபேஸிங், டெஸ்ட் எல்லாம் சேர்த்து ஆன செலவு, மறுபடி ஒருமுறை எஞ்சினைத் திறந்தால் ஆகும் செலவில் சிறு பங்கு. ஃபேஸிங் அதிகம் போடவும் கூடாது. ஒவ்வொரு முறை சீவும்போதும் கம்ப்ரஷன் ஏறும், பிஸ்டன்கள் சுற்றும் அடித் தண்டான கிராங்குக்குக் கேம்ஷாஃப்ட் கொஞ்சம் நெருங்கி வருவதால் வால்வு திறக்கும் டைமிங்கும் தள்ளும். குறைந்தபட்சம் எடுத்து நிறுத்துங்கள் என்று சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பிளாக்கின் முகத்தையும் அதே சட்டத்தால் அளந்தோம். ஹெட்டை அளக்கும் பத்துப் பேரில் பிளாக்கை அளப்பவர் ஒருவர் இருந்தால் அதிகம். இரும்பு அவ்வளவு எளிதில் வளையாது என்ற நம்பிக்கை. பெரும்பாலும் சரிதான், ஆனாலும் சட்டம் கையில் இருக்கும்போது அளப்பதற்கு என்ன?

போல்ட் விஷயத்தில் பழைய மெக்கானிக்குகளோடு எனக்கு மரியாதையான ஒரு கருத்து வேறுபாடு உண்டு. எவ்வளவு முறுக்கு கொடுக்கிறோம் என்று அளந்து சொல்லும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்கி வாழ்நாள் முழுக்க நல்ல வேலை செய்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் கை பழகியது அம்பாசடரில். ஹெட்டும் இரும்பு, பிளாக்கும் இரும்பு, நடுவில் தடித்த பழங்காலக் கேஸ்கெட். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒரு சுற்று இறுக்குவது அதன் வழக்கம், முதல் தடவை விட்டது இரண்டாம் தடவையில் சரியாகும். அலுமினிய ஹெட் அந்தச் சலுகையைக் கொடுப்பதில்லை.

கையால் எதை உணர்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். போல்ட்டைத் திருகக் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய 90 சதவீதம் உராய்வுக்கே போய்விடுகிறது, பாதி போல்ட் தலைக்கடியில், மீதி மரையில். மிச்சம் இருக்கும் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்து நீட்டி ஹெட்டை அழுத்துகிறது. மரையில் துருவும் சேறும் இருந்தால் ரெஞ்ச் சரியான எண்ணில் 'கிளிக்' என்று சொல்லும், ஹெட் பாதிகூட அழுந்தியிருக்காது. கைக்கும் அதேதான், இறுகிவிட்டது என்று கை நம்பிவிடும். அடி மூடிய துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் இன்னும் மோசம். திரவம் நசுங்காது. போல்ட் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும், அழுத்தம் அதிகமானால் பிளாக்கே விரிசல் விடும். அதனால் போல்ட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துளைகளில் காற்றடித்து, வெள்ளைத் துணி சுற்றிய கம்பியை விட்டுத் துணி காய்ந்து வரும்வரை சுத்தம் செய்தோம். பிறகு மரையிலும் தலைக்கடியிலும் ஒரு விரல் ஆயில். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், சர்வீஸ் மேனுவல் சொன்ன எண் வரைக்கும். டார்க் ரெஞ்ச் சொந்தமாக வேண்டுமென்றில்லை. தெரிந்த பட்டறையில் முன்பணம் வைத்து ஒருநாளைக்கு வாங்கிவரலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கேஸ்கெட்டைக் காய்ந்தபடியேதான் வைத்தோம். சிலிகான் பசை ஆயில் சம்ப்புக்கும் சைடு கவர்களுக்கும் நல்ல பொருள். ஹெட் கேஸ்கெட்டில் தயாரிப்பாளர் சொல்லாத இடத்தில் பூசினால் அது கேஸ்கெட்டை வழுக்கவைக்கும், பிதுங்கியது ஒடிந்து மேலே கேம்ஷாஃப்டுக்கு ஆயில் போகும் சிறு துளையில் போய் உட்காரும். பல அடுக்கு எஃகுத் தகட்டில் வரும் இன்றைய கேஸ்கெட்டுகளுக்கு அதற்கென்றே மேற்பூச்சு இருக்கிறது, அதன் மேல் எதையும் தடவ வேண்டியதில்லை. அந்த வகைக்கு முகம் கண்ணாடிபோலச் சீராகவும் இருக்க வேண்டும். வீட்டில் தேய்த்த முகம் போதாது.

இத்தனையும் செய்துவிட்டு எஞ்சினை மூடியிருந்தால்கூட இந்த வண்டி மறுபடி தண்ணீர் குடித்திருக்கும். முதல் கேஸ்கெட்டைக் கொன்ற காரணம் இன்னும் வண்டியிலேயே இருந்தது.

தம்பியிடம் நான் கேட்ட கேள்வி, ஓடும்போது சூடாகிறதா, நிற்கும்போதா? ஜி.எஸ்.டி. ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது ஊசி ஏறும், வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கும் என்றான். அப்படியென்றால் சந்தேகம் ஃபேன் மேல். ஓடும்போது எதிர்க்காற்று ஃபேனின் வேலையைச் செய்துவிடுகிறது. தண்ணீர் சூடேறியதும் ஃபேனை ஓடவைக்கும் சுவிட்சின் வயர்களைப் பிரித்து நேராக இணைத்ததும் ஃபேன் சுற்றியது. மோட்டார் நன்றாக இருக்கிறது. சுவிட்சைக் கழற்றி அடுப்பில் தண்ணீர் வைத்து அதில் நூலில் கட்டித் தொங்கவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தோம். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க மீட்டர் அசையவேயில்லை. சுவிட்ச் எப்போதோ செத்திருக்கிறது. சிக்னலில் வண்டி கொதித்திருக்கிறது, ஹெட் வளைந்திருக்கிறது, கேஸ்கெட் போயிருக்கிறது. கேஸ்கெட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதே சுவிட்ச், அதே சிக்னல்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்ததும் அந்தச் சூட்டைக் குறைக்கும் முயற்சியாகத்தான் இருக்கும். "நம்ம ஊரு வெயிலுக்கு அது தேவையே இல்ல" என்று சொல்லிக் கழற்றும் வழக்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். தெர்மோஸ்டாட் வெளிவெயிலுக்காக வைத்ததல்ல. எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை உள்ளேயே சுற்றவைத்து, பிறகு திறந்துவிடும். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும். சிக்னலில் நிற்கும்போது ஃபேன் சுற்றாவிட்டால் தெர்மோஸ்டாட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சில எஞ்சின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அவற்றில் அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாது. புதியதை வாங்கி அதையும் கொதிநீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டே மாட்டினோம். புதுச் சாமான்தானே என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

ரேடியேட்டரையும் திறந்து சுத்தம் செய்யக் கொடுத்தோம். புறநகரில் போர் தண்ணீரின் உப்பு எல்லோருக்கும் தெரியும். பாத்ரூம் குழாயில் வெள்ளையாகப் படிவது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும், அலுமினிய ஹெட்டின் தண்ணீர் வாய்களை அரிக்கவும் செய்யும். கூலன்டும் வடிநீரும்தான் ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் மூடியையும் மாற்றினோம். 0.9 என்று எழுதியிருக்கும் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியில் 100-லேயே கொதித்துவிடும். இவ்வளவு சின்னச் சாமானுக்காக ஒரு ஹெட் வளைவதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

மாட்டும் கதையை நீட்ட வேண்டியதில்லை. டைமிங் குறிகளைச் சேர்த்து, பெல்ட்டைப் போட்டு, ஸ்டார்ட் செய்யும் முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் மறுபடி சேருகின்றனவா என்று பார்த்தோம். ஆயிலும் ஃபில்டரும் புதிது. பழைய ஆயில் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும், கொஞ்சம் கூலன்ட் கலந்திருந்தாலே பேரிங்குக்கு ஆகாது. தண்ணீர் ஊற்றிய பின் உள்ளே காற்று தங்காமல் மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு, இறங்க இறங்க ஊற்றினோம். ஊசி ஏறிக் கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கியது. "அண்ணா, இந்த வண்டில ஃபேன் சத்தத்த இப்பதான் முதமுறையா கேக்குறேன்" என்றான் தம்பி.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் வீட்டு வாசலில் ஹெட்டைத் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். புதிய எஞ்சின்கள் பலவற்றில் ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்துபவை. முதலில் ஒரு எண் வரை இறுக்கி, பிறகு டிகிரிக் கணக்கில் திருப்பி, போல்ட் நிரந்தரமாக நீளும் எல்லைக்கே கொண்டுபோவார்கள். பழையதை மறுபடி போட்டால் இறுக்கும்போதே அறுந்துபோகலாம். பல டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் மேலே எவ்வளவு துருத்துகிறது என்று டயல் கேஜில் அளந்து, அதற்கேற்ற தடிமன் கேஸ்கெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஓரத்தில் இருக்கும் வெட்டுகளையோ துளைகளையோ எண்ணித்தான் எது என்று தெரியும். அந்தக் கருவிகள் கையில் இல்லையென்றால் நல்ல பட்டறையில் விட்டுவிடுங்கள். விடும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஹெட்டை அளந்தபோது எவ்வளவு வந்தது, முந்தையது எதனால் போனது? எண்ணும் காரணமும் சொல்பவரிடம் நம்பி விடலாம்.

தம்பியின் வண்டிக்கு இப்போது ஒரே ஒரு வேலைதான் பாக்கி. டெம்பரேச்சர் மீட்டர் ஊசியை மட்டும் நம்பாமல், நடுவைத் தாண்டினால் சத்தம் போடும் ஒரு பஸ்ஸரை டாஷ்போர்டுக்கு அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறான். வயர் வாங்கிவைத்திருக்கிறேன், வருகிற ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடுவோம்.